ஓட்டுநர் உதவி மென்பொருள் புதுப்பிப்பும் நம்பகத்தன்மையும்: அன்னூர்ச் சாலைச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பகுதித் தானியங்கி மின்மகிழுந்துகளில் இயங்கும் ஓட்டுநர் உதவி மென்பொருள், வண்டி விற்பனையான பின்னரும் இணையவழியாக மாற்றப்பட்டுவருகிறது. இம்மாற்றத்தை எந்த அளவிற்கு நம்பலாம் என்னும் வினா, பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் மீதுள்ள நம்பிக்கையைப் பற்றிய வினாவாகவே கருதப்படுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை மூலம், திறம், அறிவிப்பு என மூன்றாகப் பகுத்து ஆராய்கிறது. மூலத்தை உறுதிசெய்யும் தொழில்நுட்பம் முதிர்ந்துள்ளது; திறத்தை உறுதிசெய்யும் முறைகள் ஓரளவே போதுமானவை; ஓட்டுநருக்கு அறிவிக்கும் முறையோ மிகவும் பின்தங்கியுள்ளது. கோயம்புத்தூர் மாவட்டம் அன்னூர் வட்டாரத்தின் கலப்புப் போக்குவரத்துச் சூழலில் இம்மூன்றாவது குறையே உயிர்ச்சேதத்திற்கு வழிவகுக்கக்கூடியது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஓட்டுநர் உதவி அமைப்பு, மென்பொருள் புதுப்பிப்பு, நம்பகத்தன்மை, மின்மகிழுந்து, சாலைப் பாதுகாப்பு, அன்னூர்.

முன்னுரை

ஒரு வண்டி பணிமனையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இயங்கியதோ அவ்வாறே அதன் ஆயுள் முழுவதும் இயங்கும் என்பது மோட்டார் வாகன வரலாற்றில் நெடுங்காலம் நிலவிய எதிர்பார்ப்பாகும். தேய்மானத்தால் வண்டியின் திறன் குறையலாம்; ஆனால் அதன் இயல்பு மாறுவதில்லை. இன்று அந்நிலை மாறிவிட்டது. இரவில் மின்னேற்றத்திற்காக நிறுத்தப்பட்ட மகிழுந்து, மறுநாள் காலையில் வேறு தொலைவில் பிரேக்கை அழுத்தவும், வேறு விசையுடன் திசைமாற்றியைத் திருப்பவும் கூடும். வண்டியின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இராது.

எஸ்ஏஇ என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட தரம், வண்டியோட்டத்தின் தானியக்கத்தைச் சுழி முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. இரண்டாம் நிலையில் வேகத்தையும் திசையையும் மென்பொருள் ஒருங்கே கையாளும். எனினும் சாலையைக் கண்காணிக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருக்கே உரியது. இந்தியச் சந்தையில் 2024 நவம்பரில் அறிமுகமான மகிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ, 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், அதே ஆண்டு ஜூனில் வந்த டாட்டா ஹாரியர் இவி ஆகியவற்றின் உயர்வகைகள் இவ்விரண்டாம் நிலை வசதிகளுடன் விற்கப்படுகின்றன. மென்பொருளும் மனிதரும் ஒரே பணியைப் பகிர்ந்துகொள்ளும் இந்நிலையில், ஒருவர் மற்றவரை எவ்வளவு நம்பலாம் என்பது அறிவியல் வினாவாகவும் சட்ட வினாவாகவும் அமைகிறது.

நம்பிக்கையின் இலக்கணம்

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் பெயருடையது. ஆராய்தலைத் ‘தெரிதல்’ என்றும், ஆராய்ந்தபின் நம்புதலைத் ‘தெளிதல்’ என்றும் அது பிரித்துக் காண்கிறது. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அரசன் தன் பணியாளரைத் தேர்வதற்குச் சொல்லப்பட்ட இவ்வரையறை, மனித–எந்திர உறவைப் பற்றிய தற்கால ஆய்வுகளோடு ஒத்துச்செல்வது குறிப்பிடத்தக்கது.

இராஜா பரசுராமன், விக்டர் ரைலி ஆகியோர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தானியக்கத்தை அளவுக்கு மீறி நம்பிப் பயன்படுத்துவதையும், நம்பத்தக்க தானியக்கத்தைப் புறக்கணிப்பதையும் இருவேறு பிழைகளாக வகைப்படுத்தியது. ஜான் லீ, கேத்ரீனா சீ ஆகியோர் 2004ஆம் ஆண்டில், பயனரின் நம்பிக்கை கருவியின் உண்மையான திறனுக்கு ஏற்ற அளவினதாக இருக்கவேண்டும் என்று வாதிட்டனர். மென்பொருள் புதுப்பிப்பு இவ்வளவீட்டைக் குலைக்கிறது. பல மாதப் பழக்கத்தால் ஓட்டுநர் வண்டியின் திறனைத் தெரிந்துகொண்டு தெளிகிறார்; ஓரிரவில் அத்திறன் மாறும்போது அவருடைய தெளிவு பழைய பதிப்பைச் சார்ந்ததாகிவிடுகிறது. புதிய பதிப்பு முன்னையதைவிட மேம்பட்டதாக இருந்தாலும் இவ்விடைவெளி தோன்றவே செய்யும்.

மூலம்: புதுப்பிப்பு எங்கிருந்து வந்தது?

முதல் வினா, வந்துசேர்ந்த மென்பொருள் உண்மையிலேயே தயாரிப்பாளர் அனுப்பியதுதானா என்பது. 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினர். அதனைத் தொடர்ந்து அமெரிக்காவில் ஏறத்தாழ 14 இலட்சம் வண்டிகள் மென்பொருள் திருத்தத்திற்காகத் திரும்பப் பெறப்பட்டன. வண்டியின் இணைய இணைப்பு, அதன் கட்டுப்பாட்டிற்கே ஊறு விளைவிக்கும் வாயிலாக அமையக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இதற்கான தீர்வு மின்னொப்பமாகும். தயாரிப்பாளர் தம்மிடம் மட்டுமே உள்ள இரகசியத் திறவியைக் கொண்டு மென்பொருளில் ஒப்பமிடுகிறார். வண்டியில் பதிக்கப்பட்டுள்ள பொதுத் திறவி அவ்வொப்பத்தைச் சரிபார்க்கிறது. ஒரு துணுக்கு மாறியிருந்தாலும் ஒப்பம் பொருந்தாது. வண்டி அதனை ஏற்காது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்த ‘அப்டேன்’ என்னும் கட்டமைப்பு இதனை மேலும் வலுப்படுத்தியது. ஒரே திறவியை நம்பாமல், மென்பொருள் கோப்புகளுக்குச் சான்றளிக்கும் பணியையும், எந்த வண்டிக்கு எந்தக் கோப்பு என்று முடிவுசெய்யும் பணியையும் அது வெவ்வேறு திறவிகளிடம் பிரித்தளிக்கிறது. ஒரு வழங்கி கைப்பற்றப்பட்டாலும் முழு அமைப்பும் வீழ்வதில்லை. நிறுவல் இடையில் தடைப்பட்டால் பழைய பதிப்பிலேயே வண்டி இயங்கும்பொருட்டு, இரு நினைவகப் பகுதிகளை மாறிமாறிப் பயன்படுத்தும் முறையும் இன்று பரவலாக உள்ளது.

ஆக, முதல் வினாவிற்குத் தொழில்நுட்பம் நிறைவான விடையை அளித்துள்ளது. ஆனால் ஒப்பம் எதற்குச் சான்று என்பதில் தெளிவு வேண்டும். அனுப்பியவர் யார் என்பதை அது காட்டும். அனுப்பப்பட்டது நன்றாக இயங்குமா என்பதை அது காட்டாது.

திறம்: புதுப்பிப்பு பிழையற்றதா?

புதுப்பிப்பு நன்மை பயக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2018 மே மாதத்தில், டெஸ்லா மாடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொள்வதாக அமெரிக்க நுகர்வோர் இதழான ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ சுட்டிக்காட்டியது. சில நாட்களில் அனுப்பப்பட்ட புதுப்பிப்பிற்குப் பின் அது 133 அடியாகக் குறைந்தது. எந்த உதிரிபாகத்தையும் தொடாமல் ஏறத்தாழ 6 மீட்டர் மிச்சமானது. ஆறு மீட்டர் என்பது சாலையைக் கடக்கும் ஒருவரின் உயிராக இருக்கலாம்.

எதிர்மறைச் சான்றுகளும் உள. 2021 அக்டோபர் 23 அன்று அதே நிறுவனம் தன் சோதனைநிலை ஓட்டுநர் உதவி மென்பொருளின் 10.3 பதிப்பை வெளியிட்டது. உள்ளமைந்த இரு சில்லுகளுக்கிடையே ஏற்பட்ட தகவல்தொடர்புத் துண்டிப்பால் சில வண்டிகளில் தேவையற்ற மோதல் எச்சரிக்கைகளும் திடீர் நிறுத்தங்களும் நிகழ்ந்தன. அடுத்த நாளே அப்பதிப்பு பின்வாங்கப்பட்டது. 25ஆம் நாள் திருத்திய பதிப்பு வந்தது. பின்னர் 11,704 வண்டிகள் முறைப்படி திரும்பப் பெறுதலுக்கு உள்ளாயின. நோயும் மருந்தும் ஒரே வழியில், சில நாள் இடைவெளியில் வந்தன என்பது இந்நிகழ்வின் சிறப்பியல்பு.

மற்றொரு நிகழ்வு வேறுவகையினது. 2020 அக்டோபர் புதுப்பிப்பில் இடம்பெற்ற ஒரு வசதி, ‘நில்’ குறியுள்ள சந்திப்புகளில் முழுமையாக நிற்காமல் மணிக்கு 5.6 மைல் வேகம் வரை ஊர்ந்து கடக்க வண்டியை அனுமதித்தது. 2022 தொடக்கத்தில் 53,822 வண்டிகளில் அவ்வசதி நீக்கப்பட்டது. இங்கு மென்பொருள் பிழையேதும் இல்லை. எண்ணியவாறே அது இயங்கியது. எண்ணமே சாலை விதிக்கு முரணாக இருந்தது. எனவே ‘பிழையற்ற மென்பொருள்’, ‘நம்பத்தக்க மென்பொருள்’ ஆகியவை ஒன்றல்ல என்பது பெறப்படுகிறது.

திருத்தமே போதுமானதா என்பதும் வினாவிற்குரியது. 2023 டிசம்பரில் ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்னும் காரணத்தால் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட டெஸ்லா வண்டிகள் இணையவழிப் புதுப்பிப்பு மூலம் திருத்தப்பட்டன. திருத்தத்திற்குப் பின்னரும் விபத்துகள் பதிவானதால், அத்திருத்தம் போதுமானதா என்றறிய அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2024 ஏப்ரலில் தனி விசாரணையைத் தொடங்கியது.

திறத்தை முன்கூட்டியே நிறுவுவதிலுள்ள அடிப்படை இடர்ப்பாட்டை ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு விளக்குகிறது. முழுத் தானியங்கி வண்டி, உயிரிழப்பு வீதத்தில் மனித ஓட்டுநரைவிடத் தாழ்ந்ததன்று என 95 விழுக்காட்டு உறுதியுடன் நிறுவ, உயிரிழப்பே நேராத 27.5 கோடி மைல் ஓட்டம் தேவை என அது கணக்கிட்டது. இது ஏறத்தாழ 44 கோடி கிலோமீட்டராகும். இக்கணக்கு இரண்டாம் நிலை வண்டிகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் அதன் தருக்கம் பொருந்தும்: முடிவெடுக்கும் மென்பொருள் மாறினால், பழைய பதிப்பின் ஓட்டச் சான்று புதிய பதிப்பிற்கு முழுச் சான்றாகாது.

அன்னூர்ச் சாலையின் இயல்பு

இச்சிக்கலை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் பொருத்திப் பார்ப்பது பயனுடையது. கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 948 அன்னூரைக் கடந்து செல்கிறது. அன்னூரில் அவிநாசி–மேட்டுப்பாளையம் சாலை அதனைச் சந்திக்கிறது. சத்தியமங்கலத்தைத் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதை தொடங்கும். கோயம்புத்தூர் முனையிலோ, இச்சாலை சரவணம்பட்டியைக் கடக்கிறது. சரவணம்பட்டி–கீரணத்தம் பகுதியில் பாஷ் உள்ளிட்ட நிறுவனங்களின் மென்பொருள் மையங்கள் இயங்குகின்றன. உலக வாகனத் தொழிலுக்கான மென்பொருள் உருவாகும் இடமும், அத்தகைய மென்பொருள் கடும் சோதனைக்குள்ளாகும் கலப்புப் போக்குவரத்தும் ஒரே சாலையில் அமைந்திருப்பது கொங்கு வட்டாரத்தின் தனித்தன்மையாகும்.

நூற்பாலைப் பேருந்து, விளைபொருள் ஏற்றிய டிராக்டர், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தை ஆகியன இங்கு வழக்கமான காட்சிகள். ஊர்ச்சாலைகளில் தடக்கோடுகள் பெரும்பாலும் இரா. தடக்கோட்டைக் கேமராவால் கண்டறிந்து இயங்கும் தடக்காப்பு வசதி அவ்விடங்களில் தானே விலகிவிடும். அவ்விலகலைக் கவனித்து உடனே பொறுப்பேற்க வேண்டியவர் ஓட்டுநர்.

இணக்க வேகக் கட்டுப்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. முன்வண்டியிலிருந்து 1.2 நொடி இடைவெளி விட்டால் அது 20 மீட்டர், 1.8 நொடி என்றால் 30 மீட்டர். ஒரு புதுப்பிப்பு இவ்விடைவெளியைப் பாதுகாப்புக் கருதி உயர்த்துவதாகக் கொள்வோம். தடஒழுங்குள்ள நாட்டில் அது மேம்பாடே. அன்னூர்க் கடைவீதியை அடுத்த சாலையில் அவ்விடைவெளி இருசக்கர வாகனம் நுழைவதற்கான இடமாகும். அது நுழைந்தவுடன் மென்பொருள் வேகத்தைக் குறைக்கும். மின்மகிழுந்தில் மின்மீட்பு நிறுத்தமும் சேர்வதால், ஓட்டுநர் மிதிகளைத் தொடாமலேயே வண்டி விரைவாகத் தளரும். பின்னால் நெருங்கிவரும் இருசக்கர ஓட்டுநர் இதனை எதிர்பார்த்திருக்கமாட்டார்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவுசெய்துள்ளது. அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அவ்வாண்டில் மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள், அதாவது 64,105, தமிழ்நாட்டில் நிகழ்ந்தன. புதுப்பிப்பிற்கு இசைவளிப்பவர் மகிழுந்தின் உரிமையாளர். அதன் விளைவைப் பகிர்ந்துகொள்வோரோ இசைவு கேட்கப்படாத பிறர் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

அறிவிப்பு: ஓட்டுநர் அறிந்தாரா?

ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 2020 ஜூனில் ஏற்று, 2021 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த 156ஆம் ஒழுங்குவிதி மென்பொருள் புதுப்பிப்பிற்கென்றே வகுக்கப்பட்டது. புதுப்பிப்பின் நோக்கம், வண்டியின் செயல்பாடுகளில் நிகழும் மாற்றம், ஆகும் நேரம், அந்நேரத்தில் இயங்காத வசதிகள் ஆகியவற்றை நிறுவலுக்கு முன்னரே பயனர் அறியவேண்டும் என அது விதிக்கிறது. நிறுவல் தோல்வியுற்றால் வண்டி பழைய பதிப்பிற்கோ பாதுகாப்பான நிலைக்கோ திரும்பவேண்டும். வகை ஒப்புதலுக்குரிய மென்பொருளின் அடையாள எண்ணை வண்டியின் கண்டறி முனை வழியாகப் படிக்க இயலவேண்டும்.

இவ்விதி 1958ஆம் ஆண்டு உடன்பாட்டின் கீழ் அமைந்தது; இந்தியா அவ்வுடன்பாட்டில் உறுப்பு நாடன்று. எனினும் இதனை அடியொற்றி ஏஐஎஸ் 190 என்னும் தரமும், இணையப் பாதுகாப்பிற்கு ஏஐஎஸ் 189 என்னும் தரமும் இந்தியாவில் வகுக்கப்பட்டுள்ளன. மேலும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110அ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ ‘பிற சாலைப் பயனாளர்களுக்கோ’ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடுடைய வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. பிற பயனாளரையும் உள்ளடக்கும் இத்தொடர், மென்பொருள் மாற்றங்களுக்கு அப்பிரிவைப் பொருத்துவதற்கு வலுவான அடிப்படையாகும்.

ஆயினும் ‘பயனர்’ என்பவர் யார் என்னும் சிக்கல் எஞ்சுகிறது. கொங்கு வட்டாரத்தில் மகிழுந்தை உரிமையாளரே எப்போதும் ஓட்டுவதில்லை. குடும்பத்தினர் பகிர்ந்து ஓட்டுவர். வெளியூர்ப் பயணத்திற்கு ஆக்டிங் டிரைவரை அமர்த்துவது வழக்கம். புதுப்பிப்பு அறிவிப்பு உரிமையாளரின் கைப்பேசிக்கு வருகிறது. ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை அவர் அழுத்துகிறார். மறுநாள் திம்பம் மலையேறும் ஓட்டுநர், வண்டியின் இயல்பு மாறியிருப்பதை அறியார். விதி எழுத்தளவில் நிறைவேறிவிடுகிறது. அதன் நோக்கம் நிறைவேறுவதில்லை.

அறிவிப்பின் மொழியும் கருதத்தக்கது. ‘செயல்திறன் மேம்பாடுகளும் பிழைத்திருத்தங்களும்’ என்னும் பொதுத்தொடர் எதையும் அறிவிப்பதாகாது. எந்த வேகத்தில், எந்தச் சூழலில், வண்டி முன்பு செய்யாத எதனை இனிச் செய்யும் என்பதே ஓட்டுநருக்குத் தேவை. அதனையும் அவர் படிக்கும் மொழியில் சொல்லவேண்டும். ‘முன்வண்டி இடைவெளி கூடியுள்ளது, இடையில் இருசக்கர வாகனம் நுழைந்தால் வண்டி தானே வேகம் குறையும், பின்வருவோரைக் கவனிக்கவும்’ எனத் தமிழில் மூன்று தொடர்களில் எழுதப்பட்ட அறிவிப்பு, பல பக்க ஆங்கிலக் குறிப்பைவிடப் பயனுடையது. ஓட்டுநர் உதவி வசதிகளுக்கு நிலைபெற்ற தமிழ்ச் சொற்களை உருவாக்குவது இவ்வகையில் கலைச்சொல்லாக்கப் பணியாக மட்டுமன்றி, பாதுகாப்புப் பணியாகவும் அமைகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. மென்பொருள் புதுப்பிப்பின் மீதான நம்பிக்கை ஒற்றைப் பொருளன்று. மூலம் உறுதியானது என்பதால் திறமும் உறுதியானது எனக் கொள்வதும், திறம் உறுதியானது என்பதால் ஓட்டுநர் அதனை அறிந்துள்ளார் எனக் கொள்வதும் பிழையாகும்.

2. புதுப்பிப்பை முற்றிலும் மறுப்பது பாதுகாப்பான வழியன்று. அறியப்பட்ட குறைகளைக் களையும் வழியும் அதுவே. புதுப்பித்தபின் சில நாட்கள், பழகிய சாலையில், உதவி வசதி இல்லாததுபோல் விழிப்புடன் ஓட்டி வண்டியின் புதிய இயல்பைத் தெரிந்துகொள்வதே தக்க நெறியாகும்.

3. வண்டியின் நடத்தையை மாற்றும் புதுப்பிப்பு நிறுவப்பட்டால், அதனை உரிமையாளரின் கைப்பேசியில் மட்டுமன்றி, வண்டியை இயக்கும் ஒவ்வொருவரும் காணுமாறு திரையில் தமிழிலும் காட்டவேண்டும். ஏஐஎஸ் 190 நடைமுறையாக்கத்தில் இதனை ஒரு கூறாகச் சேர்ப்பது பொருத்தமானது.

4. விபத்து விசாரணையில் வண்டியின் மென்பொருள் பதிப்பெண்ணையும் பதிவுசெய்யவேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்புடன் உருவான ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் அதற்குரிய இடமாகும். எந்தப் பதிப்பில் எத்தகைய விபத்து நிகழ்ந்தது என்னும் தரவு இல்லையேல், இந்தியச் சாலைகளில் ஒரு புதுப்பிப்பு தீங்கு செய்ததா நன்மை செய்ததா என்பதைத் தயாரிப்பாளரைத் தவிர வேறெவரும் அறிய இயலாது.

இரண்டாம் நிலைத் தானியக்கத்தில் இறுதிப் பொறுப்பு ஓட்டுநருடையது எனச் சட்டமும் தயாரிப்பாளரும் ஒருங்கே கூறுகின்றனர். அப்பொறுப்பை ஏற்பவருக்கு, வண்டியில் என்ன மாறியது என்பதை அறியும் உரிமையும் உண்டு. அவ்வுரிமை நிறைவேறாதவரை, புதுப்பிப்பின் மீதான நம்பிக்கை தெரியாமல் தெளிவதாகவே இருக்கும்.